முக்கொம்பு மேலணை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கமே ஓட, காவிரியில் மணல் மேடிட்டு தஞ்சை வயல்கள் காய்ந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தைக்குக் கல்லணையே அவருக்குப் பாடம். விளைவு எதிர்பார்த்ததையும் மிஞ்சியது. காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து படுகையை அரித்ததால், சில ஆண்டுகளிலேயே அதன் தலைப்பிலும் தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் அணைமேல் இரும்பு மதகுகள் ஏறின, கரையில் பூங்கா வந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பாறாங்கற்களும் மணல் மூட்டைகளும் போட்டு உடைப்பை அடைத்தார்கள். பின்னர் கீழ்ப்புறத்தில் புதிய கதவணை எழுந்தது.