சான்று சொல்வோருக்கு யார் சான்று?

'இந்த இணைப்பு நம்பத்தகாதது' என்று உலாவி திரையை மறித்து நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. தொடர்வதற்கான பொத்தான் எங்கே என்றுதான் தேடுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. கணினிக்குள் இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து கடிகாரம் சில ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டால் போதும், அன்றாடம் செல்லும் தளங்கள் எல்லாம் ஒரே நாளில் ஐயத்துக்குரியவை ஆகிவிடும். தளத்தை நடத்துவோர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தாலும் இதே எச்சரிக்கைதான். அற்பக் காரணங்களுக்காகப் பலமுறை கூவும் காவலனின் குரலுக்குக் காது பழகிவிடுகிறது. ஆனால் அந்தக் குரலை ஒருவர் புறந்தள்ளாமல் விசாரித்ததால் ஒரு பெருமோசடி அம்பலமான வரலாறு உண்டு. அது நிகழ்ந்தது 2011ஆம் ஆண்டில்.

அதை விளங்கிக்கொள்ள, இந்த எச்சரிக்கை பிறந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும். 1990களின் நடுவில் இணையத்தில் வணிகம் செய்ய விழைந்தோருக்கு இரண்டு கவலைகள் இருந்தன. அனுப்பும் செய்தியை வழியில் பிறர் படிக்கக் கூடாது என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்பது மற்றொன்று. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் அறிமுகப்படுத்திய எஸ்.எஸ்.எல். நெறிமுறை இரண்டுக்கும் விடை தேடியது. முதற்கவலையைக் கணிதம் தீர்த்துவைத்தது. இரண்டாவது கணிதத்தால் மட்டும் தீராதது. முன்பின் அறியாத இருவருக்கு நடுவே மூன்றாமவர் ஒருவர் சாட்சி சொல்லியாகவேண்டும். அந்த மூன்றாமவரே சான்றிதழ் ஆணையம். நம்பத்தக்க ஆணையங்களின் பட்டியல் உலாவியிடம் இருக்கும். அவற்றுள் ஒன்று ஒப்பமிட்ட சான்றிதழைத் தளம் காட்டினால் பூட்டுச் சின்னம் தோன்றும், இல்லையேல் எச்சரிக்கை.

இந்த ஏற்பாட்டின் அடியில் ஒரு பலவீனம் இருந்தது. பட்டியலில் உள்ள எந்த ஆணையமும் உலகின் எந்தத் தளத்துக்கும் சாட்சி சொல்லலாம். எனவே மொத்தப் பாதுகாப்பும் பட்டியலில் மிகவும் பலவீனமானவரின் தரத்தில்தான் நிற்கும்.

நெதர்லாந்தின் பெவர்வெய்க் நகரில் இருந்த டிஜிநோட்டர் அப்படியொரு ஆணையம். ஆவணங்களுக்குச் சான்றளிப்பதையே தொழிலாகக் கொண்ட நோட்டரிகளின் முன்முயற்சியில் பிறந்தது. டச்சு அரசின் மின்சேவைகள் பலவும் அதன் சான்றிதழ்களை நம்பி இயங்கின. 2011 ஜூனில் அதன் கணினிகளுக்குள் ஒருவர் புகுந்தார். ஜூலை 10 அன்று கூகுளின் தளங்கள் அனைத்துக்கும் செல்லுபடியாகும் ஒரு போலிச் சான்றிதழ் அங்கிருந்து வெளிவந்தது. மொத்தம் 531 போலிச் சான்றிதழ்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஜூலை 19 அன்று நிறுவனம் ஊடுருவலைக் கண்டுகொண்டது. கண்ணில் பட்ட போலிகளை ரத்து செய்தது. கூகுள் சான்றிதழ் அதன் கண்ணில் படவில்லை. உலாவி நிறுவனங்களுக்கு அது எதுவும் சொல்லவில்லை, உலகுக்கும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தின் விலையை ஈரானில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். போலிச் சான்றிதழும், போக்குவரத்தை நடுவழியில் திசைதிருப்பும் வசதியும் ஒரே கையில் சேர்ந்தால், ஜிமெயில் என்று நம்பி ஒருவர் இடும் கடவுச்சொல்லையும் அவர் எழுதும் மடல்களையும் இடையில் நின்று படித்துவிடலாம். பயனருக்கோ வழக்கமான பூட்டுச் சின்னமே தெரியும். பட்டியலில் உள்ள ஆணையம் ஒப்பமிட்டிருக்கிறதே! கடிகாரம் பிழையானால் கூச்சலிடும் உலாவிகள் இந்த மெய்யான களவுக்கு வாய் திறக்கவில்லை.

ஒன்று மட்டும் திறந்தது. கூகுள் தன் குரோம் உலாவியில், தன்னுடைய தளங்களுக்கு எந்தெந்த ஆணையங்கள் சான்றளிக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. முதியவர் நீட்டிய மூல ஓலையை அவர்கள் அப்படியே ஏற்றுவிடவில்லை. நம்பி ஆரூரரின் பாட்டனார் எழுதி, காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புரைத்தார்கள். அங்கே எழுத்து ஒத்திருந்தது. குரோமின் ஒப்பீட்டில் ஒத்துவரவில்லை. எச்சரிக்கை எழுந்தது.

ஆகஸ்ட் இறுதியில் ஈரானியப் பயனர் ஒருவர் அதைக் கண்டார். கடந்துபோகாமல் சோதித்துப் பார்த்தார். விபிஎன் வழியாகச் சென்றால் எச்சரிக்கை வரவில்லை. ஆகவே சிக்கல் தன் கணினியில் இல்லை, வழியில் இருக்கிறது என்று ஊகித்துக் கூகுளிடம் கேட்டார். ஆகஸ்ட் 29 அன்று செய்தி உலகறிந்தது. உலாவி நிறுவனங்கள் டிஜிநோட்டரைத் தம் பட்டியல்களிலிருந்து நீக்கத் தொடங்கின. செப்டம்பர் 3 அன்று டச்சு அரசு அதன் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. செப்டம்பர் 20 அன்று நிறுவனம் திவாலானதாக அறிவிக்கப்பட்டது.

விசாரணையை மேற்கொண்ட ஃபாக்ஸ்-ஐடி நிறுவனத்தின் அறிக்கை படிப்போரைத் திகைக்க வைப்பது. ஆராயப்பட்ட வழங்கிகளில் வைரஸ் தடுப்பு மென்பொருள்கூட இல்லை. கூகுளுக்கான போலிச் சான்றிதழ் செல்லுபடியாகுமா என்று டிஜிநோட்டரின் வழங்கியிடமே வினவிய இணைய முகவரிகள் ஏறத்தாழ 3 லட்சம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஈரானைச் சேர்ந்தவை. வந்த விடை: செல்லுபடியாகும். தான் வழங்கியதாகத் தன் ஏட்டிலேயே இல்லாத சான்றிதழுக்கும் அவ்வழங்கி நற்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஊடுருவியது தானே என்று ஒருவர் இணையத்தில் உரிமை கோரினார். அவர் இன்னார் என்பது நிறுவப்படவில்லை.

இதற்குப் பின் சாட்சிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. வழங்கப்படும் சான்றிதழ்களை யாவரும் பார்க்கும்படி பொதுப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்னும் முறை 2013இல் வரையறுக்கப்பட்டது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்திலிருந்தும் கூகுள் தளங்களுக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தபோது, இது ஒரு டச்சு நிறுவனத்தின் தனிப்பட்ட குற்றமன்று என்பது நமக்கும் புரிந்தது. 2018 ஏப்ரல் இறுதிக்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்களுக்குக் குரோம் அந்தப் பொதுப் பதிவைக் கட்டாயமாக்கியது.

எச்சரிக்கை தோன்றினால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். தேதி சரியாக இருந்தால் வேறோர் இணைப்பு வழியாக அதே தளத்தைத் திறந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வருகிறதென்றால், அங்கே கடவுச்சொல்லை இடாதீர்கள். ஈரானியப் பயனர் செய்ததும் இவ்வளவே. சான்றளிக்கும் தொழிலில் இருந்தவர்கள் ஆறு வாரம் மறைத்ததை, சான்று எதுவுமில்லாத ஒரு சாதாரண மனிதரின் கேள்வி வெளியே கொண்டுவந்தது.