தாத்தா என்னும் விளி: திருமலை மரபும் சித்தூர் வீடுகளும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தெலுங்கு பேசும் தாய் தன் சிறுமகனை ‘நான்னா’ என்று அழைப்பாள். அச்சொல்லின் பொருள் தந்தை. மகளைத் ‘தல்லி’ என்பாள். அதன் பொருள் தாய். அதே தெருவில் தமிழ் பேசும் வீட்டில் மகனிடம் ‘வாப்பா’ என்றும் மகளிடம் ‘சாப்பிடும்மா’ என்றும் சொல்வது வழக்கம். மூத்தோருக்குரிய உறவுச்சொல் இளையோர்மீது திரும்பிச் செல்லப்பெயராவதைத் தலைகீழ் விளி எனலாம். இவ்வழக்கின் புகழ்பெற்ற வடிவம் ஒன்று திருமலையின் வைணவ மரபில் உண்டு.

ஆளவந்தாரின் சீடரும் இராமாநுசரின் தாய்மாமனுமான திருமலை நம்பி, பாபவிநாசத்திலிருந்து திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் நீர் சுமந்தவர். ஒருநாள் வழியில் வேடன் ஒருவன் ‘தாத்தா’ என்றழைத்துத் தண்ணீர் கேட்டான். இறைவனுக்குரிய நீரைத் தர இயலாதென நம்பி மறுத்துவிட்டார். வேடன் அம்பால் குடத்தைத் துளைத்துப் பருகினான்; பின் மலையில் அம்பெய்து ஆகாசகங்கையைக் காட்டி மறைந்தான். வந்தவன் வேங்கடவனே என்பது மரபு. திருமலையில் ஆண்டுதோறும் நிகழும் தண்ணீரமுது உற்சவம் இதன் நினைவாகவே நடைபெறுகிறது.

இக்கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் அதிலுள்ள விளி ஆராயத்தக்கது. தமிழ்த் ‘தாத்தா’வும் தெலுங்குத் ‘தாத’வும் பாட்டனைக் குறிப்பன. பழந்தமிழில் ‘தாதை’ தந்தையாகும். வடமொழித் ‘தாத’ தந்தையைக் குறிப்பதோடு, இளையோரைப் பரிவுடன் அழைக்கவும் பயன்படும். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அருச்சுனனை அவ்வாறே அழைக்கிறான். உலகுக்கெல்லாம் தந்தையெனப் போற்றப்படுபவன் தன் அடியவரை மூத்தவராக்கித் தன்னைச் சிறுவனாக்கிக்கொள்ளும் இக்கதைக்கு, இருதிசையிலும் செல்லும் இச்சொல்லைவிடப் பொருத்தமானது இல்லை.

அந்த விளியே குடிப்பெயரும் ஆயிற்று. நம்பியின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் தாத்தாச்சாரியார் எனப்பட்டனர். சந்திரகிரியிலிருந்தும் ஆண்ட விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதியின் (1586-1614) குருவாக விளங்கிய இலக்குமிகுமார தாத்தாச்சாரியார் அக்குடியினர். காஞ்சிபுரக் கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. பொதுவாகக் கல்வெட்டுகளில் இடம்பெறுவன பட்டமும் ஊரும் கோத்திரமுமே. செல்லப்பெயர்கள் வீட்டோடு மறைந்துவிடும். இங்கோ ஒரு செல்ல விளி, ‘ஆச்சாரியார்’ என்னும் சிறப்புப்பெயரைச் சேர்த்துக்கொண்டு கல்லிலும் இடம்பெற்றது.

வீட்டு வழக்கிற்கு வேறொரு காரணமும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுவே பேரன் என மருவியது. மாமனாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லாத குடும்பங்களில், அப்பெயரையே இட்ட மகனை அவள் எவ்வாறு அழைப்பாள்? ‘அப்பா’, ‘நான்னா’, ‘ராசா’ என்பவை அவளுக்குக் கைகொடுத்தன. மரியாதை தடுத்த இடத்தில் செல்லப்பெயர் வழிவிட்டது.

சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. மொழிவழி எல்லைப் பூசலுக்குப்பின் 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எந்த ஊர் எம்மொழிக்குரியது என்று வழக்காடிய அந்த ஆண்டுகளிலும், எல்லையின் இருபுறத்துப் பேரப்பிள்ளைகளும் பாட்டனை ஏறத்தாழ ஒரே சொல்லால்தான் அழைத்தனர். அச்சொல் தமிழா, தெலுங்கா, வடமொழியா என்ற வினா அகராதிகளில் மட்டுமே எழுகிறது.