மிசௌரி மண்ணில் கிடைத்த மருந்து

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சான்பார்ன் பண்ணை என்றொரு சோதனை வயல் உண்டு. 1888 முதல் எந்தப் பாத்தியில் என்ன பயிர், என்ன உரம் என்று அங்கே கணக்கு வைத்து வருகிறார்கள். 23ஆம் பாத்தியில் உரமே போடாமல் திமோத்திப் புல் மட்டும் வளர்த்தார்கள். உலகின் முதல் டெட்ராசைக்ளின் மருந்து அந்தப் பாத்தியின் மண்ணிலிருந்துதான் வந்தது.

அந்த மண்ணைக் கேட்டு வாங்கியவர் பெஞ்சமின் டகர். பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, எழுபது வயதைத் தாண்டிய பிறகு லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்த தாவரவியலாளர். 1945இல் அம்மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அது சுரந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர். பெனிசிலினுக்கு மசியாத பல கிருமிகளையும் அது அடக்கியது.

லெடர்லியின் ஆய்வுப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்தவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1948 ஜூலையில் மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் அவர் காலமானார். அவர் செய்ததற்கு ஈடான புகழ் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இந்த மருந்து கிருமியை எப்படி அடக்குகிறது? பாக்டீரியாவின் புரதங்களைக் கட்டுவது ரைபோசோம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சுமந்துவரும் டிஆர்என்ஏ வந்து உட்கார வேண்டிய இடத்தில் டெட்ராசைக்ளின் முன்கூட்டியே போய் அமர்ந்துகொள்கிறது. புரதம் பாதியில் நின்றுவிடும், கிருமி பெருகாது. மீதியை நம் உடலின் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும். மருந்து எங்கே அமர்கிறது என்பதை அணு அளவில் 2000ஆம் ஆண்டில்தான் பார்க்க முடிந்தது. அதைக் காட்டிய குழுக்களில் ஒன்று, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுடையது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த வரலாற்றில் வருத்தம் தரும் பக்கமும் உண்டு. ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய கசடைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதை லெடர்லியின் ஸ்டோக்ஸ்டாடும் ஜூக்ஸும் 1950இல் அறிவித்தார்கள். நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தோடு ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இது பெரிதும் வழிவிட்டது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாகத் தடை செய்தது 2006இல்தான்.

தமிழகத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினைத்தான். விலை மலிவான இந்த மாத்திரையைக் கோழித் தீவனத்தில் வீணாக்காமல் நோயாளிக்கென்று காப்பாற்றி வைக்க வேண்டும்.