மூச்சும் கூலியும்

பசியைத் தீ என்றே நம் மொழி அழைக்கிறது. அத்தீயை அளந்து பார்க்கத் துணிந்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் அந்துவான் லவாசியே.

1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவரும் கணித மேதை லப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றினுள் ஒரு கினிப்பன்றியை வைத்தனர். 10 மணி நேரத்தில் அச்சிற்றுயிரின் உடல்வெப்பம் 13 அவுன்ஸ் பனிக்கட்டியை உருக்கிற்று. அது வெளிவிட்ட அளவுக்குக் கரியமில வாயு உண்டாகும்படி கரியை எரித்தாலும் உருகும் பனி அதற்குச் சற்றுத்தான் குறைவு எனக் கணக்கிட்டனர். ஆக, மூச்சு என்பது சுடரில்லாமல் மெல்ல எரியும் தீ. உணவே அதற்கு விறகு.

1790இல் ஆய்வு மனிதரிடம் வந்தது. உதவியாளர் அர்மான் செகென் முகமூடி அணிந்து பிராணவாயுவைச் சுவாசித்தார். வெறும் வயிற்றோடு ஓய்ந்திருக்கையில் மணிக்கு ஏறத்தாழ 1,200 கன அங்குலம் செலவாயிற்று. அதே வெறும் வயிற்றோடு மிதிகட்டையை மிதித்து உழைத்தபோதோ 3,200!

இந்த எண்களின் முன் நாம் சற்றே நிற்க வேண்டும். லவாசியேயும் நின்றார். கைகளால் உழைத்துப் பிழைக்கும் ஏழையின் உடல்தான் மிகுதியாக எரிகிறது. மிகுதியான உணவோ உழைக்காதவன் வீட்டில் இருக்கிறது. இம்முரண்பாட்டை அறிவியல் கட்டுரைக்குள்ளேயே அவர் எழுதினார். இது இயற்கையின் குற்றமன்று, மனிதர் வகுத்த அமைப்புகளின் குற்றம் என்றார். உழைப்பின் கூலியை உயர்த்தும் நல்ல ஏற்பாடுகள் வரும் எனவும் நம்பினார். அன்றாட உணவுக்காக நாள்தோறும் மன்றாடும் நாம், அது எவ்வளவு வேண்டும் என்று கல்லுடைப்பவரிடம் எப்போதாவது கேட்டதுண்டா?

எழுதியவர் யார் என்பதையும் மறைத்தல் முறையன்று. 1768 முதல் அவர், அரசனுக்காக வரி தண்டிய குத்தகைக் குழுவின் பங்காளி. ஏழையின் உப்புக்கும் வரி தண்டிய குழு அது. அவருடைய விலையுயர்ந்த கருவிகளுக்கு அந்த வருவாயும் உதவிற்று. அவர் சொன்னது உண்மையே. தம் செல்வத்தின் ஊற்றைப் பற்றி மட்டும் அக்கட்டுரை பேசவில்லை.

வேறொரு பிழையும் உண்டு. நுரையீரலே அடுப்பு என அவர் பெரிதும் கருதினார். நம்மைப் போன்ற ஒரு குருவான இத்தாலியின் லாசரோ ஸ்பல்லன்சானி, உடலினின்று பிரித்தெடுத்த திசுக்களும் பிராணவாயுவை ஏற்பதைக் கண்டார். அவர் 1799இல் மறைந்தபின் 1803இல் அவ்வாய்வு அச்சேறிற்று. நுரையீரல் வாயில் மட்டுமே என்பதை இன்று அறிவோம். இரத்தம் கொண்டு சேர்க்கும் பிராணவாயுவின் துணையால், உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் உணவின் ஆற்றல் படிப்படியாக வெளிப்படுகிறது. ஏர் பிடிக்கும் கையின் தசையிலேயே எரிகிறது அத்தீ.

1794 மே 8 அன்று, தம் மாமனாரோடும் பிற வரிக் குத்தகையாளரோடும் லவாசியே பாரிசில் தலை வெட்டப்பட்டார். செகெனின் சோதனையை அவர் மனைவி மரி-ஆன் வரைந்த ஓவியம் எஞ்சியிருக்கிறது. முகமூடியோடு செகென் மிதிகட்டையை மிதிக்கிறார். ஓரத்து மேசையில் மரி-ஆன் அமர்ந்து குறிப்பெழுதுகிறார்.