வாஷிங்டனின் கடிதங்களும் நியாயமான உபயோகமும்

இக்காலத்தில் யூடியூபில் ஒரு பழைய சினிமாக் காட்சியையோ பாட்டின் ஒரு துண்டையோ ஏற்றுகிறவர்களில் பலர், 1976ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி இது நியாயமான உபயோகமாகும் என்ற கருத்துடைய ஓர் ஆங்கில வாசகத்தை, குழந்தையின் இடுப்பில் தாயத்துக் கட்டுவதுபோல, அதன் அடியில் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது என்பதையும், வாசகத்தை எழுதி வைத்ததனாலேயே எந்த நீதிமன்றத்திலும் யாதொரு பாதுகாப்பும் கிட்டிவிடாது என்பதையும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. அதைவிட விநோதமான சங்கதி ஒன்றுண்டு: இவ்வளவு பேர் நம்பிக்கை வைத்திருக்கும் அந்தச் சலுகை, அதைக் கோரி நின்றவருக்கு ‘உமக்கு இல்லை’ என்று கைவிரித்த ஒரு தீர்ப்பிலே பிறந்ததாகும்.

அதன் ஆணிவேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆன் மகாராணியின் காலத்தில், 1710இல் அமலுக்கு வந்த சட்டம், புதிய நூலை அச்சிடும் பாத்தியதையை அதன் ஆசிரியருக்கு 14 வருஷங்களுக்கு அளித்தது. ஆனால் பிறர் நூலைச் சுருக்கி வெளியிடுகிறவனை என்ன செய்வது என்பது பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. மாத்யூ ஹேல் என்னும் நியாயாதிபதி இயற்றிய குற்றவியல் சட்ட நூலை வெளியிட்டிருந்த பிளெட்சர் கைல்ஸ் என்ற லண்டன் புத்தக வியாபாரி, வில்காக்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் அந்நூலில் வழக்கொழிந்த சட்டங்களைத் தள்ளி, லத்தீன், பிரெஞ்சு மேற்கோள்களை ஆங்கிலமாக்கி, வேறொரு பெயர் சூட்டி விற்கிறார்கள் என்று 1740இல் வழக்குத் தொடுத்தார். வழக்கைக் கேட்ட ஹார்ட்விக் பிரபு, சுருக்கம் என்ற வேஷத்தில் மூலத்தையே அச்சிடுவது சட்டவிரோதம் என்றும், கல்வியும் விவேகமும் செலுத்தி மெய்யாகவே சுருக்கப்பட்ட நூல் புதிய நூலாகவே கொள்ளத்தக்கது என்றும் பிரித்துக் காட்டினார். வழிநூலின் வகைகளில் முதலாவதாகத் தொகுத்தலை வைத்து எண்ணிய தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு, இந்தப் பாகுபாடு அந்நியமாகத் தோன்றாது. எடுத்தவன் எவ்வளவு உழைத்தான் என்பதே அப்போது கேள்வியாயிருந்தது. கொடுத்தவன் என்ன இழந்தான் என்ற கேள்வி எழுவதற்கு ஒரு நூறு வருஷம் ஆயிற்று; அது எழுந்தது அமெரிக்காவில், வாஷிங்டனின் கடிதங்களைப் பற்றிய வழக்கில்.

அமெரிக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன் தம் காகிதங்களையெல்லாம், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாயிருந்த தம் சகோதரர் குமாரர் புஷ்ராட் வாஷிங்டனுக்கு விட்டுச் சென்றார். சரித்திராசிரியர் ஜாரெட் ஸ்பார்க்ஸ் அவரோடு லாபத்தில் பங்கு என்று உடன்படிக்கை செய்துகொண்டு, அந்தக் கடிதக் குவியலைப் பல வருஷம் ஆராய்ந்து, 12 தொகுதிகளாக வெளியிட்டார். ஸ்பார்க்ஸிடம் ஒரு பலவீனம் உண்டு. மகாபுருஷர் கொச்சையாக எழுதுவது அவருக்குச் சகிக்கவில்லை. படைத்தலைவர் புட்னமை ‘கிழப் புட்’ என்று வாஷிங்டன் செல்லமாகக் குறித்திருந்த இடத்தில், ‘ஜெனரல் புட்னம்’ என்று திருத்தி மரியாதை செய்துவிட்டார். இதற்காகப் பின்னாளில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

சேலம் நகரத்துப் பாதிரியாரான சார்ல்ஸ் அப்ஹம் என்பவர் — இது மாசசூஸெட்ஸ் ராஜ்யத்துச் சேலம், நம்முடைய சேலமன்று — வாஷிங்டனே தம் வாழ்வைத் தம் வாயால் சொல்லுவதுபோல, அவருடைய கடிதங்களைக் கோத்து இரண்டு தொகுதிகளில் ஒரு ஜீவிய சரித்திரம் இயற்றினார். பள்ளிக்கூடத்து நூலகங்களுக்கென்று மார்ஷ் முதலியோர் அதை வெளியிட்டார்கள். மொத்தம் 866 பக்கங்கள். அவற்றில் 353 பக்கங்கள் ஸ்பார்க்ஸின் நூலிலிருந்து எடுத்தவை. அவற்றுள்ளும் 319 பக்கங்கள் ஸ்பார்க்ஸ்தான் முதன்முதலாக அச்சேற்றிய கடிதங்கள். ஸ்பார்க்ஸின் பிரசுரகர்த்தர்களான ஃபால்ஸம் கூட்டத்தார் நீதிமன்றம் ஏறினார்கள்.

பிரதிவாதிகளின் வாதங்கள் அற்பமானவை அல்ல. தேசபிதாவின் கடிதங்கள் தேசத்தின் சொத்தல்லவா? அந்தக் காகிதங்களைக் காங்கிரஸ் சபையே விலை கொடுத்து வாங்கிவிட்டதே! மேலும், 12 தொகுதிகளில் இவர்கள் எடுத்தது ஒரு சிறு பங்குதானே?

1841இல் நீதிபதி ஜோஸப் ஸ்டோரி இவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடிதம் எழுதியவருடைய உரிமை, அவர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும், அவருக்கும் அவர் வாரிசுகளுக்குமே உரியது என்றார். எடுத்த பகுதியின் இயல்பும் நோக்கமும் யாவை, அதன் அளவும் மதிப்பும் எத்தகையன, அதனால் மூலநூலின் விற்பனை குன்றுமா அல்லது மூலமே வேண்டாத பொருளாகிவிடுமா என்பவற்றைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று அவர் வகுத்த அளவுகோல்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. மதிப்புரை எழுதுகிறவன் தாராளமாக மேற்கோள் காட்டலாம்; ஆனால் ருசி பார்க்கிறேன் என்று வந்தவன் பந்தியையே காலி செய்துவிட்டுப் போனால், அதை ருசி பார்த்தல் என்று யார் சொல்லுவார்? பள்ளிப் பிள்ளைகளுக்கு உபகாரமான ஒரு நூல் இதனால் முடங்குகிறதே என்று ஸ்டோரி தீர்ப்பிலேயே வருந்தவும் செய்தார். வருத்தம் தீர்ப்பை மாற்றவில்லை.

‘நியாயமான உபயோகம்’ என்ற சொற்றொடரை அவர் சொல்லவில்லை. அது நீதிமன்ற வழக்கில் புகுந்தது 1869இல்தான். 1976ஆம் வருஷத்துச் சட்டம் அவருடைய அளவுகோலையே நான்கு அம்சங்களாக எழுதிக்கொண்டது. 30 விநாடி வரையில் எடுக்கலாம், பத்தில் ஒரு பங்கு வரையில் எடுக்கலாம் என்று இணையத்தில் உலவும் கணக்குகளுக்கு அச்சட்டத்தில் ஆதாரம் கிடையாது. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவுசெய்து பிறகு பார்ப்பது நியாயமே என்று 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற வித்தியாசத்தில் சொன்ன அதே சுப்ரீம் கோர்ட்டு, மறு வருஷமே, ஃபோர்டு ஜனாதிபதியின் வெளிவராத நினைவுக் குறிப்புகளிலிருந்து முன்னூறு சொச்சம் சொற்களை முந்திக்கொண்டு அச்சிட்ட ஒரு பத்திரிகைக்கு, நூலின் இதயத்தையே எடுத்துவிட்டாய் என்று சலுகையை மறுத்தது. முன்பு நிகழ்ச்சியை முழுதாக எடுத்தவர்கள் தப்பினார்கள். இப்போது ஒரு பக்கத்தளவு எடுத்தவர் அகப்பட்டார்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1911இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம் 1914இல் இங்கே வந்தது. அதிலிருந்து 1957ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பெற்றது ‘நியாயமான கையாளல்’ என்ற கோட்பாடு. அமெரிக்கச் சட்டம் எந்த நோக்கத்தையும் கதவைச் சாத்தாமல் கேட்டுச் சீர்தூக்கும். நம்முடையதோ, சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று ஜாபிதா போட்டு வைத்துக்கொண்டு, வருகிறவன் அதில் எந்த இனத்தில் சேருகிறான் என்று முதலில் விசாரிக்கும். ஆகையால் தாயத்தில் எழுதியிருக்கும் 107ஆவது பிரிவு இங்கே வெறும் எண்தான்.

அப்ஹம் பாதிரியாரின் நூலுக்காக ஸ்டோரி வருந்திய காரணம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உபகாரம் என்பது, மட்டும் அழியாமல் இருந்தது. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில், பாடநூல்களின் அத்தியாயங்களைப் பிரதியெடுத்து மாணவர்களுக்குத் தொகுத்து விற்ற ஒரு ஜெராக்ஸ் கடையின் மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பெரும் பதிப்பகத்தார் 2012இல் வழக்கிட்டார்கள். படிக்கிற பிள்ளைகளுக்காக என்ற அதே சமாதானம், இம்முறை 52ஆவது பிரிவில் போதனைக்கென்று தனியே அமைந்த விதியின் பலத்தோடு வந்தது. ஸ்டோரியின் தீர்ப்புக்கு 175 வருஷம் கழித்து, 2016 செப்டம்பரில், டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வருஷம் டிசம்பரில் மேல் அமர்வு அதை மறுவிசாரணைக்கு அனுப்பியதாயினும், பிரதியெடுப்பதற்குத் தடை விதிக்கவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகத்தாரே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.