ஏன் என்று கேட்ட மாணவன்

ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கும் அறிவுக்கூடம், கெய்ரோ நகரின் அல்-அஸ்ஹர். 970-ல் பள்ளிவாசலாக எழத் தொடங்கி, இசுலாமிய உலகெங்கும் புகழ் பரப்பியது. அத்தகைய இடத்தில், 19-ஆம் நூற்றாண்டில் பாடம் நடந்த முறையைப் பாருங்கள். மூல நூலுக்கு ஓர் உரை. உரைக்கு ஒரு விளக்கவுரை. விளக்கவுரைக்கும் ஒரு குறிப்புரை! உரைகள் வளர்ந்தன; உணர்வு தேய்ந்தது. மாணவன் மனப்பாடம் செய்தான். ஏன் என்று கேட்க மறந்தான்.

1862-ல் தந்தா நகரப் பள்ளிவாசலில் படிக்கச் சேர்ந்தான் முகம்மது அப்துஹு என்னும் சிற்றூர்ச் சிறுவன். ஒன்றரை ஆண்டு இலக்கண உரை கேட்டான், ஏதும் விளங்கவில்லை, ஓடிவிட்டான்! குறை மாணவனிடமா, முறையிடமா? விடை விரைவில் கிடைத்தது. உறவினரான முதியவர் ஒருவர் பொருளை விளக்கிப் பொறுமையோடு படிப்பிக்கவே, அதே சிறுவன் நூல்களை நேசித்தான். 1866-ல் அல்-அஸ்ஹர் புகுந்தான். 1877-ல் ஆலிம் பட்டமும் பெற்றான்.

ஆசிரியரான அப்துஹு, அரசுகள் எழுவதும் வீழ்வதும் ஏன் என ஆராயும் இப்னு கல்தூனின் நூலைத் தாருல் உலூம் கல்லூரியில் நடத்தினார். 1895-ல் அல்-அஸ்ஹரின் நிர்வாக மன்றத்தில் அமர்ந்தார். கணிதம் வேண்டும், வரலாறு வேண்டும், நிலநூல் வேண்டும் என்றார். மூலைக்கொன்றாய்ச் சிதறிக்கிடந்த ஏடுகள் ஒரே நூலகத்தில் சேர்ந்தன. சமயம் சாய்ந்துவிடும் என்று சீறினர் பழமைவாதிகள். அவரோ 1899 முதல் எகிப்தின் தலைமை முஃப்தி! சமயத்தின் உள்ளிருந்தே அறிவுக்கு வாதாடினார். எதிர்ப்பு ஓயவில்லை. 1905-ல் மன்றத்தைவிட்டு விலகினார், அவ்வாண்டே மறைந்தார்.

மறைந்தது மனிதர், மூட்டிய கனல் அணையவில்லை. 1902-ல் அல்-அஸ்ஹர் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் தாஹா உசேனுக்கு, வினாக்களை விரும்பாத அங்கே பட்டம் கிட்டவில்லை. 1908-ல் பிறந்த புதிய பல்கலைக்கழகம் அவரை வரவேற்றது. 1914-ல் டாக்டர் பட்டம் அளித்தது. ஆராய்ச்சி நூலொன்றுக்காக 1926-ல் கண்டனக் கணைகள் பாய்ந்தன, அவர் அஞ்சவில்லை. 1950-ல் கல்வி அமைச்சராகி, உயர்நிலைப் படிப்பை இலவசமாக்கினார். கல்விக்கூடம் கைவிட்ட மாணவர், நாட்டுக்கே கல்விக் கதவு திறந்தார்!

1961-ல் சட்டம் வந்தது. அல்-அஸ்ஹரில் மருத்துவமும் பொறியியலும் வேளாண்மையும் பாடங்களாயின; பெண்களுக்கும் கல்லூரி அமைந்தது. அப்துஹு மறைந்து 56 ஆண்டுகள் கழிந்திருந்தன!

தோழர்களே, பாடத்திட்டத்தைச் சட்டம் மாற்றலாம். புதிய நூலையும் பழைய முறையில் ஒப்புவிக்கச் செய்தால் கண்ட பயன் என்ன? வகுப்பறையில் எழும் ஏன் என்ற குரலை அடக்காதிருக்கும் துணிவு, கரும்பலகையின் முன் நிற்கும் நமக்கு வேண்டும். அந்தக் குரலை எழுப்பும் துணிவு, எதிரே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு வேண்டும்.