நீலக் கோடுகளில் நின்ற கதைகள்

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் பழம்பொருள் கடையொன்றில் நீலச் சித்திரம் தீட்டிய பீங்கான் தட்டு ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு பாலம், அதன்மேல் மூவர், வானில் இரு புறாக்கள். "இது என்ன கதை, அப்பா?" என்று வினவினாள் என் மகள். சீனப் பிரபு ஒருவரின் மகளும் அவரிடம் பணிபுரிந்த எழுத்தரும் காதல் கொண்டு ஓடிப்போய், இறுதியில் புறாக்களாயினர் என்று கடைக்காரர் சொன்னதையே நானும் சொன்னேன். கதைத் தலைவன் என்னைப் போன்ற எழுத்தர் என்பதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சியும் உண்டு. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் அது சீனக் கதையே அன்று என்பது புலனாயிற்று.

சீனத்தின் மெய்யான நீலப் பீங்கானுக்குத் தாயகம் ஜியாங்சி மாநிலத்துச் சிங்தெசென் நகரம். யுவான் மரபினர் ஆண்ட 14-ஆம் நூற்றாண்டில் இக்கலை அங்கே முழு மலர்ச்சியுற்றது. வெண்களிமண்ணால் வனைந்து உலர்த்திய பாண்டத்தின்மீது கோபால்ட் குழம்பால் சித்திரம் எழுதுவர்; அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சிட்டு, ஏறத்தாழ 1300 டிகிரி வெப்பத்தில் சுடுவர். எழுதும்போது கருமையாய் இருப்பது சூளையில் நீலமாகும். சுடாத மண் வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளுமாதலின், இட்ட கோட்டை அழித்தெழுத இயலாது.

அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் புராணக் காட்சிகள் பல. மிங் மரபில், தாவோ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய ஜியாஜிங் பேரரசர் (1521–1567) காலத்துப் பாண்டங்களில் 'சாவா நிலை எய்திய எண்மர்' சிறப்பிடம் பெற்றனர். தாமரை ஏந்திய நங்கை ஹே சியான்கு. கழுதையோடு வருபவர் சாங் குவோலாவோ. இரும்பு ஊன்றுகோலும் சுரைக்குடுக்கையும் உடையவர் லீ.

இந்த லீயின் கதை கேட்கத் தக்கது. தம் உடலைச் சீடனிடம் ஒப்புவித்து, ஏழு நாள் காக்கச் சொல்லி, அவர் உயிர் மட்டும் பிரிந்து சென்றது. ஆறாம் நாள், தாய் நோயுற்ற செய்தி கேட்ட சீடன், குருவின் உடலை எரித்துவிட்டு ஊருக்கு விரைந்தான். மீண்டு வந்த உயிர், அப்போதுதான் இறந்து கிடந்த முடவரான இரவலர் ஒருவரின் உடலில் புகுந்தது. ஆயன் மூலன் உடலில் புகுந்த நம் திருமூலர் வரலாறு நினைவிற்கு வரவில்லையா? கதை அறிந்தவர்க்கு அச்சித்திரம் ஒரு சித்தர். அறியாதவர்க்கு வெறும் முடவர்.

17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் கப்பல் கப்பலாகப் பீங்கானை ஐரோப்பாவிற்கு ஏற்றிச் சென்றனர். பாண்டம் போயிற்று, கதை உடன் போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் குயவர்கள் சீனச் சித்திரங்களைத் தழுவித் தாமே ஒரு சித்திரம் வகுத்து, செப்புத் தகட்டில் செதுக்கித் தட்டுகளில் அச்சிட்டு விற்றனர். அடுத்த நூற்றாண்டில் அச்சித்திரத்திற்குப் பொருந்த ஒரு காதல் கதையும் புனையப்பட்டது. நான் மகளுக்குச் சொன்ன கதை அதுதான். சித்திரம் கதையைப் பிரிந்தால், அவ்விடத்தை வேறொரு கதை நிரப்பிவிடும்.

இதை அறிந்த சில நாட்களில் நவராத்திரி வந்தது. ஊரிலிருந்து கொணர்ந்த பொம்மைகளைக் கொலுவில் அடுக்கினோம். அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சிறுமி ஒரு பொம்மையைச் சுட்டி வினவ, என் மகள் தயங்காமல் விடை கூறினாள்: "சர்க்கஸ் யானை. முதலை அதன் காலைப் பிடித்துவிட்டது. மேலே பறவைமீது வருபவர் சர்க்கஸ்காரர்."

அது கஜேந்திர மோட்சம்.

அவளைக் குறை கூற எனக்கு வாய் எழவில்லை. பொம்மையைப் பழந்துணியில் சுற்றிப் பத்திரமாக ரயிலேற்றிக் கொண்டுவந்தவன் நான். கதையைக் கொண்டுவர மறந்தவனும் நானே. அன்றிரவு விளக்கை அணைக்குமுன் அவளை அருகழைத்து, "ஒரு குளத்தில் ஒரு யானை..." என்று தொடங்கினேன்.